அல்போன்சம்மாள் பேசிய இங்கிலீஷ்

தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிக் கூலிக்காரர்களுக்குக் கட்டிவிட்டிருந்த வரிசை வீடுகளில், அல்போன்சம்மாளின் வீட்டைப் போலத் துப்புரவான வீடு வேறு கிடையாது. வாசலில் ஒரு விறகுக்கட்டை கிடக்காது. அடுப்படியில் ஊதுகுழல்கூட வெளியே தெரியாது. தரை ஈரமில்லாமல் துடைத்திருக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் மகள்களைத் திட்டும்போது, “அந்த வேதக்கார அம்மா வீட்டைப் போய்ப் பாரு” என்பார்கள்.

அந்தச் சுத்தத்துக்குக் காரணம் அவள் கணவன் பெர்னார்ட்.

பெர்னார்ட் கரிமேட்டில் தண்டல். கப்பலுக்கு நிலக்கரி சுமக்கும் ஆட்களை மேய்ப்பது அவன் வேலை. கையில் எப்போதும் தார் பூசிய கயிற்றுத் துண்டு ஒன்று இருக்கும். பலகையில் ஏறும்போது கால் தடுமாறியவன் முதுகில் அது விழும். கூடையோடு கடலுக்குள் விழுந்தவனைத் தூக்கிப் போட்ட பிறகும் விழும். சீக்கிரம் வேலை முடிகிறது என்று வெள்ளைக்கார மேலாளுக்கு அவன் மேல் பிரியம். வீட்டுக்கு வரும்போது கயிற்றைக் கொண்டுவர மாட்டான். அதனால் வீட்டில் கைக்குக் கிடைப்பதை எடுப்பான்.

கல்யாணமான புதிதில் விறகால் அடித்தான். அதிலிருந்து அவள் விறகை வீட்டுக்குப் பின்னால், கூரைக்கும் சுவருக்கும் இடையில் சொருகி வைக்கக் கற்றுக்கொண்டாள். பிறகு ஊதுகுழல். பிறகு உலக்கை. உலக்கையை அடுத்த வீட்டு சம்சுன்னிசாவிடம் கொடுத்துவைத்தாள். அரிவாள்மனை அரிசிப் பானைக்குப் பின்னால் போனது. ஈரத்தரையில் ஒருமுறை வழுக்கி விழுந்து, எழுந்து ஓட முடியாமல் மாட்டிக்கொண்ட பிறகு, தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்க விடமாட்டாள். தலைமுடியை எண்ணெய் தடவி, இழுத்து வாரி, பிடி கிடைக்காதபடி கெட்டியான கொண்டையாகப் போட்டுக்கொள்வாள். சுத்தக்காரி என்று ஊர் சொன்னபோது அவள் மறுக்கவில்லை.

சம்சுன்னிசாவுக்கு மட்டும் தெரியும். அவள் கணவர் ஒலி முகம்மது, துறைமுக வாசலில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த நாகூர்க்காரர். சம்சுன்னிசா வயதில் மூத்தவள் என்பதால் அல்போன்சம்மாள் அவளை லாத்தா என்று அழைப்பாள்.

“உன்னோட ஒலக்கய நான் எத்தன வருசம் காவல் காக்கறது? அவன் கைய ஒடச்சிட்டா வேல முடிஞ்சுது” என்பாள் சம்சுன்னிசா.

“அப்படிப் பேசாதீங்க லாத்தா.”

கல்யாணமாகி வெகுநாள் கழித்து அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. ஏழாம் மாதம், சம்பள நாளன்று பெர்னார்ட் கள்ளுக்கடையிலிருந்து பகலிலேயே வந்தான். அன்று மீன் இல்லை என்பது குற்றம். கைக்கு எதுவும் அகப்படவில்லை. அந்த ஆத்திரத்தில் காலால் உதைத்தான். அவள் வயிற்றைக் கைகளால் மூடிக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். அவன் கைகளின் மேலேயே உதைத்தான். விரல் ஒன்று முறிந்தது அவளுக்கே மறுநாள்தான் தெரிந்தது.

ஒலி முகம்மது ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஆண்பிள்ளை. உயிரில்லாமல் பிறந்தது.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துக்கொண்டவள் பிரிஜட் என்ற நர்ஸ். வேதக்காரர்களின் தமிழ்க் கோயிலில் இருவரும் ஒரே பூசைக்குப் போகிறவர்கள். கட்டிலில் கிடந்த நாட்களில், வெள்ளைக்கார மேட்ரன் கேட்டதற்கெல்லாம் அல்போன்சம்மாள் இங்கிலீஷில் பதில் சொல்வதைப் பிரிஜட் கவனித்தாள். தாயும் தகப்பனும் கப்பலிலேயே பேதி கண்டு இறந்துபோக, கன்னியர் மடத்தில் வளர்ந்தவள் அவள். அங்கே கேட்டுக் கேட்டு வந்த இங்கிலீஷ்.

“மருத்துவச்சி வேலைக்குப் பொம்பளைங்கள எடுத்துப் பழக்கப் போறாங்க. எழுத வேணாம். மேட்ரன் முன்னால உக்காந்து இங்கிலீஷ்ல பேசணும், அவ்வளவுதான். நீங்க வாங்க” என்றாள் பிரிஜட்.

“என்ன பேசணும்?”

“உங்களப் பத்தி. எப்படிச் சுத்தமா இருக்கீங்க, வீட்ட எப்படி ஒழுங்கா வச்சிருக்கீங்கன்னு கேப்பாங்க. பிரசவ வீட்டுக்குப் போறவ சுத்தமா இருக்கணும் பாருங்க.”

அல்போன்சம்மாள் வீடு திரும்பிய பிறகு, பாத்திரம் துலக்கும்போதும் துணி அலசும்போதும் அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அதிகாலையில் எழுந்திருக்கிறேன். தினமும் குளிக்கிறேன். நகத்தை ஒட்ட வெட்டுகிறேன். இப்படி இங்கிலீஷில் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பெர்னார்டிடம் எதையும் சொல்லவில்லை.

பரீட்சை நாளன்று அவன் காலைக் கப்பலுக்குப் போயிருந்தான். சாயங்காலம்வரை வரமாட்டான் என்று நினைத்து அவள் வெள்ளைச் சேலையை எடுத்து உடுத்தினாள். கப்பல் வராததால், கரியைக் குவிக்கும் வேலையோடு அவன் திரும்பிவிட்டான். தலை முதல் கால் வரை கரித்தூளோடு அவன் வாசலில் வந்து நின்றபோது அவள் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“எங்கடி கெளம்பிட்ட?”

“ஆஸ்பத்திரிக்கு.”

“ஒடம்புக்கு என்ன?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வேலை ஒன்று இருக்கிறது, கேட்கப் போகிறேன் என்றாள்.

அவன் அறைந்ததில் கீழுதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. ரவிக்கையைப் பிடித்து இழுத்தான், தோள் வரை கிழிந்து வந்தது. வெள்ளைச் சேலையெங்கும் அவன் கைக்கரி. கழுத்தைச் சுவரோடு வைத்து அழுத்தினான். அவள் கால்விரல்கள் தரையைத் தேடின.

“அவள விடுறா.”

வாசலில் சம்சுன்னிசா உலக்கையோடு நின்றாள். “விடல, மண்டைய ரெண்டா பொளந்துருவேன். அல்லா மேல ஆணை.”

அவள் அப்படியே செய்வாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. பெர்னார்டின் பிடி தளர்ந்ததும் அல்போன்சம்மாள் பின்வாசல் வழியாக ஓடினாள். சம்சுன்னிசா வீட்டுக் கொடியில் காய்ந்த ரவிக்கையையும் துப்பட்டியையும் எடுத்துப் போட்டுக்கொண்டு, டிராம் நிற்கும் இடம் வரை ஓட்டத்தை நிறுத்தவில்லை. டிராமில் எதிரே உட்கார்ந்திருந்த சீனக் கிழவர் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அதை உதட்டில் அழுத்திக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள்.

பிரிஜட் அவளைப் பார்த்ததும், “இன்னிக்கு வேணாங்க. நான் மேட்ரன்கிட்ட சொல்லிக்கிறேன்” என்றாள்.

“இன்னிக்கே பேசிடறேன்” என்றாள் அல்போன்சம்மாள்.

அறையில் நீள மேசைக்குப் பின்னால் மேட்ரனும், நரைத்த மீசையோடு ஒரு டாக்டர் துரையும் இருந்தார்கள். மேட்ரன் அவள் உதட்டைப் பார்த்தாள். டாக்டர் அவள் சேலையில் இருந்த கரியைப் பார்த்தார். “சுத்தத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறாளா இவள்?” என்று மேட்ரனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அது அவளுக்குப் புரிந்தது.

மேட்ரன் கேட்டாள்: உன்னையும் உன் வீட்டையும் எப்படி ஒழுங்காக வைத்துக்கொள்கிறாய், உன் சொந்த வார்த்தையில் சொல்.

“ஐ கீப் எவ்ரிதிங் இன் இட்ஸ் பிளேஸ்” என்று தொடங்கினாள் அல்போன்சம்மாள். அதிகாலையில் எழுவது, குளிப்பது, நகம் வெட்டுவது எல்லாம் மனப்பாடம் செய்தபடி வந்தன. பிறகு விறகைக் கூரையடியில் வைப்பதைச் சொன்னாள். அரிவாள்மனையை அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பதைச் சொன்னாள்.

“அரிவாள்மனையை அங்கே ஏன் வைக்க வேண்டும்? அடுப்புக்குப் பக்கத்தில்தானே வேண்டும்?” என்று டாக்டர் குறுக்கிட்டார்.

“என் கணவன் கைக்கு எட்டக் கூடாது, ஐயா.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மேட்ரன், “மேலே சொல்” என்றாள்.

மனப்பாடம் செய்தது தீர்ந்துவிட்டது. மிச்சத்தை அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். வினைச்சொற்கள் முன்னும் பின்னும் புரண்டன. எண்ணெய் எதற்கு, கொண்டை எதற்கு, தரை எதற்கு உலர்ந்திருக்க வேண்டும், எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு நாள் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் வைத்திருந்தேன், ஆனால் அவன் காலை எங்கே ஒளித்து வைக்க முடியும் என்றாள். அந்தப் பிரசவத்தின்போது மேட்ரனும் பக்கத்தில் நின்றிருந்தாள்.

அப்போது வராந்தாவில் பெர்னார்டின் குரல் கேட்டது. யாரோ ‘போகக் கூடாது’ என்று மலாயில் தடுத்தார்கள். தடுத்தவர் விழும் சத்தம் கேட்டது.

அல்போன்சம்மாள் எழுந்தாள். பேச்சை நிறுத்தினாளே தவிர, கைகள் நிற்கவில்லை. மேசைமேல் இருந்த காகிதம் வெட்டும் கத்தியை எடுத்து இழுப்பறையில் போட்டாள். மைக்கூட்டையும் கத்தரிக்கோலையும் போட்டாள். பித்தளை மேசைமணியையும் உள்ளே வைத்து மூடினாள். அலமாரி ஓரத்தில் நின்ற கண்ணாடி ஜாடிகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தினாள். “என்ன செய்கிறாய்?” என்று டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் கதவு திறந்துகொண்டது.

பெர்னார்ட் அறையைச் சுற்றிப் பார்த்தான். பிடிக்க ஒன்றும் இல்லை. அவள் தலையைப் பிடித்தான், கை வழுக்கியது. முகத்தில் குத்தினான். டாக்டர் எழுந்து இடையில் வந்தார். அவர் மார்பில் விழுந்த குத்தில் மூக்குக்கண்ணாடி தெறித்து, அவர் மேசையில் மோதிக் கீழே விழுந்தார். பெர்னார்ட் அவர் மேலும் ஓர் உதை விட்டான். மேட்ரன் கூப்பிட்ட குரலுக்கு இன்னும் யாரும் வந்து சேரவில்லை.

அவன் திரும்பி அவள் கழுத்தை நோக்கி வந்தான். எது எங்கே இருக்கிறது என்று அந்த அறையில் அவளுக்குத்தான் தெரியும். பார்க்காமலே பின்னால் கைவிட்டு இழுப்பறையைத் திறந்து மணியை எடுத்தாள். அவன் நெற்றியில் அடித்தாள். அவன் நின்றான். மறுபடி அடித்தாள். மூன்றாவது அடிக்கு அவன் முழங்காலில் விழுந்தான், கண்ணில் இரத்தம் வழிந்தது. இன்னும் ஓங்கினாள். மேட்ரன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஆத்திரமில்லாமல், காய்ச்சல்காரியைப் பிடிப்பது போலப் பிடித்தாள்.

காவல்காரரும் தோட்டிகளும் வந்து அவனைக் கட்டினார்கள்.

கோர்ட்டில் அவனுக்குக் கடுங்காவல் கிடைத்தது. வெள்ளைக்கார டாக்டரின் விலா எலும்பை முறித்ததற்காக. அல்போன்சம்மாள் கோர்ட்டுக்குப் போயிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அத்தனை வருட அடிக்கும், அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து ஒரு நாள் தண்டனைகூட யாரும் சொல்லவில்லை. கோர்ட் படியில் இறங்கும்போது சம்சுன்னிசா கேட்டாள், “அந்தத் துரைய அடிக்கலேன்னா?”

“அவர அனுப்பி வச்சிருப்பாங்க லாத்தா. வீட்டுக்குத்தான்.”

ஓர் ஆளை மணியால் அடித்து வீழ்த்தியவளைப் பிரசவ அறைக்குள் விடக்கூடாது என்று டாக்டர் ஒற்றைக் காலில் நின்றார். மேட்ரன் விட்டுக்கொடுக்கவில்லை. இழுபறியாகக் கிடந்து, மழைக்காலத்தில்தான் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பழகி முடித்த பிறகு அவள் சிராங்கூன் சாலைப் பக்கம் ஓர் அறை எடுத்துக் குடிவந்தாள். மாட்டுக்கொட்டகைகளும் வண்டிப்பேட்டைகளும் நிறைந்த அந்தத் தெருக்களில் அவளை நர்ஸம்மா என்றார்கள். கோபக்காரி என்றும் சொன்னார்கள். பிள்ளைத்தாய்ச்சியின் உடம்பில் கன்றிப்போன இடத்தைப் பார்த்துவிட்டால், அந்த வீட்டு ஆணைத் தெருவில் நிறுத்தி, நாலு பேர் கேட்க என்ன ஏது என்று விசாரிப்பாள்.

தண்டனை முடிந்து பெர்னார்ட் அவளைத் தேடி வந்தான். வண்டிக்காரர் முத்துசாமி வீட்டில் அவர் மனைவி மங்களத்துக்கு வலி முற்றியிருந்த பகல்நேரம் அது. தெருவில் நின்று கத்தினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். வேசி என்றான். கதவை உதைத்தான்.

“யாரும்மா அது?” என்றார் முத்துசாமி.

“என் வீட்டுக்காரர்” என்றாள் அல்போன்சம்மாள், தலை நிமிராமல். “உள்ள வரக்கூடாது. இவங்களுக்கு நேரமாயிடுச்சு.”

முத்துசாமி வெளியே போனார். பேட்டையிலிருந்து மற்ற வண்டிக்காரர்களும் மாட்டுக்கம்போடு வந்தார்கள். கம்பு விழும் சத்தம் அறைக்குள் தெளிவாகக் கேட்டது. முதலில் பெர்னார்ட் திட்டினான். பிறகு அலறினான். பிறகு அவள் பெயரைச் சொல்லி, காப்பாத்து, காப்பாத்து என்றான். மங்களம் வலியின் நடுவிலும் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள்.

“நீங்க முக்குங்க” என்றாள் அல்போன்சம்மாள்.

ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர்கள் நிறுத்தியிருப்பார்கள். சன்னல் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் கைகள் மங்களத்தைவிட்டு நகரவில்லை. பெண்பிள்ளை பிறந்து, நச்சுக்கொடி விழுந்து, தாயைத் துடைத்துக் கட்டிய பிறகே வெளியே வந்தாள்.

பெர்னார்ட் சாக்கடை ஓரத்தில் கிடந்தான். தாடை ஒரு பக்கம் தொங்கியது. கண் மட்டும் அவளைப் பார்த்தது. அவள் குனிந்து மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

“உங்க வண்டியக் கட்டுங்க. ஆஸ்பத்திரியில போட்டுட்டு வந்துருங்க” என்று முத்துசாமியிடம் சொன்னாள்.

“நீங்க வரலியாம்மா?”

“நான் எதுக்கு?”

பெர்னார்ட் பிழைத்துக்கொண்டான். கோணிய தாடையோடு பினாங்குக்குக் கப்பலேறியதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தஞ்சோங் பகாருக்குப் போனபோது சம்சுன்னிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். “கத்துனாரு லாத்தா. என் பேரச் சொல்லித்தான் கத்துனாரு. நிறுத்துங்கன்னு சொல்ல எனக்குத் தோணவே இல்ல. அது நல்லதா கெட்டதான்னு புரியல.”

சம்சுன்னிசா, “புள்ள நல்லா இருக்கா?” என்றாள்.

“பால் குடிக்குது. மஞ்சள் கொஞ்சம் தட்டியிருக்கு, வெயில்ல காட்டச் சொல்லியிருக்கேன். நாளைக்குப் போய்ப் பாக்கணும்” என்றாள் அல்போன்சம்மாள்.