இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளி

மாரியம்மாவை நம்பிப் பிழைக்கும் எல்லோருக்கும் வணக்கம். நான் வசந்தா, பாகூர் பக்கத்துக் கிராமம். எனக்குப் பேசத்தான் வரும், எழுத வராது. ஆனாலும் அம்மாவிடம் நான் செய்த திருட்டுத்தனத்தையும், அதற்கு அவள் திருப்பிச் செய்த நன்மையையும் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

போன வைகாசியில் எங்கள் நாய் டைகருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. ஒன்பது வருடமாக எங்களோடு இருக்கிறான். பேர்தான் டைகர், பூனை சீறினால் என் புடவைக்குள் வந்து ஒளிவான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

முதலில் சுவரில் முட்டினான். ஒருநாள் என் பின்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவன் மோட்டார் கொட்டகைத் தொட்டியில் விழுந்துவிட்டான். தூக்கித் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் போனவன்தான், தானாக வெளியே வரவே இல்லை. சோற்றுத் தட்டை அங்கேயே தள்ளுவேன். கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டுவான். 

சென்னைக்குத் தூக்கிப்போய்க் காட்டினோம். ஆபரேஷன் செய்தால் பார்வை வரலாம், ஆனால் இதயம் பலவீனமாக இருக்கிறது, மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்காமலே போனாலும் போகலாம் என்றார் டாக்டர். "வலி ஒண்ணும் இல்ல. இப்படியே விட்டாலும் தப்பில்ல. நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் ஏழுமலை ஒரே பேச்சாக வேண்டாம் என்றார். "குருடா இருந்தாலும் உசுரோட வூட்ல கெடக்கட்டும்டி. அது போயிடுச்சின்னா நீ இன்னா ஆவ?"

நான் விடவில்லை. நாலு நாள் வீட்டில் சண்டை. கடைசியில் அம்மாவிடம் பூ கேட்கலாம் என்று முடிவானது. எங்கள் ஊரில் பெண் எடுப்பது, போர்க்கிணறு போடுவது எல்லாமே அப்படித்தான். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். சந்நிதியில் போட்டு ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

பொட்டலம் மடித்தது நான். இரண்டிலும் வெள்ளையையே வைத்தேன்.

சொல்லவே நாக்கு கூசுகிறது. பூசாரி போட்டார், என் வீட்டுக்காரர் எடுத்தார், வெள்ளை வந்தது. மற்றதை ஏரியில் போட்டுவிடுகிறேன் என்று அவரே எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் சென்னைக்கு வண்டி பேசினார். டைகர் படுத்துக்கொள்ளத் தன் கல்யாண வேட்டியை எடுத்து நாலாக மடித்து வைத்தார்.

அந்த வேட்டியைப் பார்த்ததும் உடைந்துபோனேன். மருந்து தாங்காமல் அவன் போய்விட்டால், அம்மா சொன்னதைக் கேட்டுத்தானே போனோம் என்று இந்த மனுஷன் காலமெல்லாம் நினைப்பாரே! அம்மா படத்தின் முன்னால் விழுந்து அழுதேன். "தாயே, பொய் பண்ணது நானு. அவனத் தண்டிச்சிடாத. ஒரு வழி காட்டு." எழுந்து போய் அவரிடமும் சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். "தெரியும்டி. ஏரியில போடறப்ப பிரிச்சிப் பாத்தேன்."

"பாத்துட்டுமா வண்டி பேசினீங்க?"

"அம்மாவயே ஏமாத்தத் துணிஞ்சிட்ட. உன்ன நான் எங்கடி தடுக்கறது?"

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி போனோம். இந்தத் தடவை அவர் மடித்தார், பூசாரி எடுத்தார். சிவப்பு. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "சரி தாயே. கண்ணு வேணாம். அவன் பயத்தயாவது எடுத்துடு" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஆடியில் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். நல்ல நாளாயிற்றே என்று, பல வருடமாகப் பீரோவில் கிடந்த கல்யாணக் கொலுசை எடுத்துப் போட்டுக்கொண்டேன். நிறைய முத்து வைத்தது. குடத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனால் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். திரும்பினேன். டைகர்! நான் நின்றால் அவனும் நிற்கிறான். நடந்தால் நடக்கிறான். குடத்தைப் போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

கூப்பிட்டால் குரல் ஒரு தரம் கேட்கும், அப்புறம் நான் எந்தப் பக்கம் போனேன் என்று அவனுக்குத் தெரியாது. கொலுசு அடிக்கு அடி சொல்கிறது. இது எனக்கும் தோன்றவில்லை, டாக்டருக்கும் தோன்றவில்லை. எடுத்துப் போட வைத்தவள் அவள்தான்.

"இன்னாக்கா, இந்த வயசுல ஜல்ஜல்னு வர?" என்று பக்கத்து வீட்டு செல்வி கேலி செய்கிறாள். செய்யட்டும். டைகர் இப்போது தினமும் தோட்டத்துக்கு வருகிறான். தொட்டி வந்ததும் காலை இரண்டு தரம் தட்டுவேன், சுற்றிக்கொண்டு போவான். ஆபரேஷன் செய்திருந்தால் பார்வை வந்திருக்குமா, தெரியாது. அதை நினைத்து நான் இப்போது அழுவதில்லை.

உங்களுக்கும் முடிவெடுக்க முடியாமல் ஒன்று நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தால் அம்மாவிடம் போய்க் கேளுங்கள். கட்டாயம் சொல்வாள். பொட்டலத்தை மட்டும் வேறு யாரையாவது மடிக்கச் சொல்லுங்கள்.