தீப்பெட்டி அளவில் ஒரு சக்களத்தி

ஈரச் சந்தனமும் சாணமும் ஒன்றாக மணக்கும்போதெல்லாம் எனக்குக் கீழ்பென்னாத்தூர் மாட்டுப்பண்ணைதான் நினைவுக்கு வரும். அங்கே ஒரு தீப்பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு, அது தோற்க வேண்டும் என்று வேண்டியபடி நின்றிருந்தேன்.

தீப்பெட்டி என்றது அளவுக்காக. உள்ளே லேசர். ஆபத்தான வாயு கசிந்தால் கண்டுபிடிக்கும் கருவி. என் மனைவி செய்தது. வேங்கிக்காலில் எங்கள் வாடகை வீட்டின் பின்னறையில் அவளும் அதுவும் குடியிருந்தார்கள். முன்னறையில் நானும் என் கவிதை வரிகளும். ஒவ்வொரு வாயுவும் ஒளியில் தனக்கென்று சில நிறங்களைத்தான் விழுங்கும், அதில் ஒன்றை அனுப்பி எவ்வளவு குறைந்து திரும்புகிறது என்று பார்த்தால் போதும் என்பாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அது என் பக்கம் விழுந்து எத்தனை காலம்! நான் வாசித்துக் காட்டினால் "நல்லா இருக்குங்க" என்பாள். அது ஒருமுறை முனகினால் அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடுவாள். பால் பொங்கும். நானும் பொங்குவேன். அணைக்கத்தான் ஆள் இல்லை.

பண்ணையில் சாண எரிவாயுத் தொட்டி இருந்தது. அதன் குழாய்க் கசிவைக் கருவி பிடித்துவிட்டால், அதைத் தயாரிக்கப்போகும் பெங்களூரு கம்பெனியில் அவள் ஒரு வருடம் தங்க வேண்டும். பிடிக்காவிட்டால் வேங்கிக்கால், பின்னறை, நான்.

"பத்திரமா புடிச்சிக்கோங்க" என்று என்னிடம் தந்துவிட்டு, குழாய் மூட்டைத் தளர்த்தப் போனாள். என்னை யாரிடமும் இப்படி ஒப்படைத்ததில்லை. பண்ணைக்கார அம்மா கிண்ணத்தோடு வந்தார். "புது மிஷினு, வெறும் நெத்தியா இருக்குது பாருங்க சார்" என்று நடுவிலிருந்த சின்னக் கண்ணாடிமேல் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்தார். டிராக்டருக்கு வைத்த அதே கை. பொட்டு அதற்கு எடுப்பாகத்தான் இருந்தது. எனக்கு யாரும் விபூதிகூட நீட்டவில்லை.

"யாரும் பீடி பத்த வெக்காதீங்க! ஏங்க, காட்டுங்க!"

மூட்டருகே காட்டினேன். மீத்தேனுக்கு மணம் கிடையாது. தொட்டி நாற்றத்துக்குள் அது ஒளிந்திருப்பதை என் மூக்கு அறியாது. தள்ளி நின்று கருவி அனுப்பும் அளவை மொபைலில் பார்த்தவள், "சிக்னலே இல்லீங்க. நேத்துகூட நல்லா இருந்துச்சே" என்றாள். வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்திருந்தது.

எனக்குள் ஒரு சின்ன விசில். ஜெயித்துவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், அவள் அழுவது அதற்காக. எனக்காக அவள் அழுது பார்த்ததில்லை. தோற்றுப்போனால் இதை விடவா போகிறாள்? பின்னறையைச் சாத்திக்கொண்டு இன்னும் ஜாஸ்தியாக இதனுடையவள் ஆகிவிடுவாள்.

வெளிச்சம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் வெளியே வரும் என்று கதவோரம் நின்று நானும் கேட்டிருக்கிறேன். வேட்டி நுனியை நனைத்துத் துடைத்தேன். மறுபடி காட்டினேன். வீறிட்டது.

ஓடிவந்து என் கையோடு சேர்த்து அதைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க பண்ணீங்க?"

"அதோட பொட்ட அழிச்சேன்."

"வாயக் கழுவுங்க மொதல்ல!" சிரித்தாள், அழுகையோடே.

பெங்களூரு பஸ்ஸில் என் துண்டில் சுற்றி அதை மடியில் வைத்திருந்தாள். நல்ல துண்டு.

"ஜன்னலோரம் உனக்கா, அதுக்கா?" என்றேன் கீழே நின்று.

"ஜன்னல் எனக்கு. மடி அதுக்கு."

பஸ் நகர்ந்தது. தலையை வெளியே நீட்டினாள்.

"ஏங்க, சிலிண்டர மூடிட்டுப் படுங்க! மோந்து பாக்க வீட்ல யாரும் இல்ல!"