அப்பாவின் அரைஞாண் கயிறு

பக்கவாதத்தால் அப்பாவுக்கு விழுங்க முடியாமல் போனதும், மூக்கு வழியாகக் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தினம் ஆறு வேளை, டப்பா மாவைக் கரைத்துக் குழாயில் ஊற்ற வேண்டும். வீட்டில் நானும் அவரும் மட்டும்தான்.

ஊற்றுவது எளிது. அப்புறம் அவரைத் துடைத்துச் சுத்தம் செய்வதுதான் என்னால் முடியவில்லை. குறைவாக ஊற்றினால் குறைவாகப் போவார் என்று ஒரு நாள் தோன்றியது. ஆறு வேளையை நாலாக்கினேன். மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பாவின் அரைஞாண் கயிறு தொடைக்கு நழுவியது. இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டேன். மறுபடியும் நழுவியது, இன்னொன்று போட்டேன்.

மாதம் ஒருமுறை எங்கள் ஊர் பரவைக்கு வரும் நர்ஸ் அப்பாவின் கையை டேப்பால் அளந்தார்.

“என்னண்ணே, இம்புட்டு மெலிஞ்சுட்டாக? ஆறு வேளையும் குடுக்குறீகளா?”

“தவறாம குடுக்குறேம்மா.”

நர்ஸ் அப்பாவிடம் குனிந்தார். “அய்யா, மகன் நேரத்துக்குக் குடுக்குறாகளா?”

அப்பாவுக்குப் பேச்சு வராது, எல்லாம் புரியும். என்னைப் பார்த்தார். பிறகு, ஆமாம் என்று மெல்லத் தலையசைத்தார்.

அன்றிலிருந்து ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஆனாலும் ஒரு முடிச்சை அவிழ்க்கும் அளவுக்குக்கூட அவர் உடம்பு தேறவில்லை.

கடைசியாகக் குளிப்பாட்டும்போது கயிற்றை அறுக்கச் சொன்னார்கள். நான் போட்ட இரண்டு முடிச்சுகளையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அறுத்தேன்.