அங்கவடியை எட்டாத கால்

லாயத்தில் குதிரையேறப் பார்த்து இரண்டாம் முறை விழுந்து எழுந்த கேப்டன் ஸெனோன் விர்விட்ஸ்கி, முதுகில் ஒட்டிய மரத்தூளைத் தட்டவந்த பணியாள் பாசிலியைத் தடுத்தார். "விடுய்யா. இன்னும் ரெண்டு தடவை விழுவேன், அப்புறம் சேர்த்துத் தட்டிக்கலாம்." வ்ரோனா என்ற கறுப்புப் பெட்டைக் குதிரை வேறெங்கோ பார்த்தபடி நின்றது. நாலு மாதமாக, காலைக் கொம்பு ஊதுவதற்கு முன் இதுதான் நடக்கிறது.

குதிரைப்படையில் இடப்பக்கமிருந்துதான் ஏற வேண்டும். இடது காலை மடக்கி, சேணத்தில் தொங்கும் அங்கவடியில் வைக்க வேண்டும். கேப்டனின் இடது முழங்கால் மடங்காது. போன இலையுதிர்காலப் பயிற்சியில் ஆற்றங்கரை சரிந்து, குதிரை அவர்மேல் விழுந்தது. ஏறிவிட்டால் பயமில்லை, அங்கவடி வாரை நீட்டிவிட்டுக்கொண்டு நாள் முழுக்க ஓட்டுவார். ஏறுவதுதான் பாடு. மற்ற நேரங்களில் பாசிலி, மிதித்து ஏற ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்து போடுவான்.

கேப்டன் மாவு ஆலைக்காரரின் மகன். பதினெட்டு வயதில் ஜாரின் படையில் சேர்ந்தார். போலந்து தனி நாடானதும் தொப்பியை மாற்றினார், சேணத்தை மாற்றவில்லை. 1920-ஆம் ஆண்டு ரஷ்யர்களோடு நடந்த சண்டையில் வலது காது மடல் போயிற்று. பிடிக்காததைச் சொன்னால் அந்தக் காதைக் காட்டிக்கொண்டு நிற்பார். உண்மையில் நன்றாகவே கேட்கும். வீரர்களைத் திட்டுவதற்கு முன் "கண்ணுங்களா" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டாலே அணியின் நூற்றிருபது பேரும் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள்.

அன்று கர்னல் பார்வையிட வருகிறார். கட்டளை கொடுத்ததும் அதிகாரியும் அணியோடு சேர்ந்து ஏற வேண்டும். முடியாவிட்டால் அணி வேறொருவருக்குப் போகும், கேப்டன் லூப்ளினில் தீவனக் கிடங்கின் மேஜைக்குப் போவார். மனைவி ஹால்ஷ்காவுக்கு அதில் வருத்தமில்லை. "நாற்காலியில உக்காந்தா என்ன கொறைஞ்சிடும் உங்களுக்கு?" என்று காலையில் கேட்டாள்.

"ஒண்ணும் கொறையாது. நாற்காலி கனைக்காது, அவ்வளவுதான்."

மைதானத்தில் கட்டளை எழுந்தது. நூற்றிருபது பேர் ஒரே மூச்சில் மேலே போனார்கள். கேப்டன் அங்கவடியைத் தொடவே இல்லை. பிடரி மயிரைப் பற்றி, வலது காலால் தரையை உதைத்து எம்பினார். புது ஆட்களுக்கு முதல் மாதத்தில் கற்றுக்கொடுக்கும் தாவல் அது. நாற்பத்தொரு வயதுக்காரர்கள் செய்வதில்லை. வயிறு சேணத்தில் மோத, வழுக்கிக் கீழே வந்தார். யாரும் சிரிக்கவில்லை. பெயரைக் குறித்துக்கொள்ள கர்னல் கையுறையைக் கழற்றத் தொடங்கினார். அது முழுதாகக் கழல்வதற்குள் கேப்டன் மறுபடி எம்பினார். சேணத்தில் இருந்தார்.

கர்னல் கிட்டே வந்தார். "அங்கவடி எதுக்கு வச்சிருக்கு, விர்விட்ஸ்கி?"

"அவசரமில்லாதவங்களுக்கு, கர்னல் ஐயா."

கர்னல் கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அணியை நடத்துங்க" என்றார்.

மதியம் எல்லோரும் இறங்கிச் சாப்பிடப் போனார்கள். கேப்டன் இறங்கவில்லை; இறங்கினால் மறுபடி ஏற வேண்டும். பாசிலி தீவனச் சாக்குக்குள் கட்டையை ஒளித்து எடுத்துவந்தான். "கர்னல் ஐயா சாப்பாட்டு அறை ஜன்னலோரமாத்தான் உக்காந்திருக்கார்" என்று முணுமுணுத்தான்.

"அப்ப கட்டையைக் கொண்டுபோ. சூப்பை எடுத்துட்டு வா."

முட்டைக்கோஸ் சூப் ஆவி பறக்க வந்தது. குனிந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்ட கேப்டன், வ்ரோனாவை ஜன்னலுக்கு நேராகத் திருப்பி நிறுத்தி, நிதானமாகக் குடிக்க ஆரம்பித்தார்.