ஹபீபா அக்காவின் ஸ்பேனர்

ஊறிய நெல் புளிக்கத் தொடங்கும்போது ஒரு வாடை வரும். இப்போதும் எங்காவது அந்த வாடை அடித்தால் என் கண் முதலில் தண்ணீர்க் குழாயைத்தான் தேடுகிறது...

குத்தாலம் பக்கம் ஒரு ரைஸ் மில். எனக்கு அதுதான் முதல் வேலை, சேர்ந்து நாலு மாதம். எந்தத் தொட்டியில் எப்போது நெல்லை ஊறப்போடுவது, எப்போது அவிப்பது என்று சொல்வது என் பொறுப்பு. அன்று இரண்டு தொட்டி நிறைய ஊறப்போடச் சொன்னதும் நான்தான்.

மறுநாள் காலை, அவிக்கும் நேரம். பாய்லருக்குத் தண்ணீர் இல்லை. போர்வெல் குழிக்குள் இறக்கியிருந்த சப்மெர்சிபிள் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குழாயில் சுண்டுவிரல் தடிமனுக்குத்தான் வந்தது; ஒரு வாரமாகவே அப்படித்தானாம், சேமிப்புத் தொட்டியில் இருந்த தண்ணீரில் ஓட்டியிருக்கிறார்கள்.

"ஆத்துல தண்ணி நின்னு ஒரு வாரம் ஆச்சுல்ல... போர்ல மட்டும் எப்படிங்க இருக்கும்?" என்றார் மோட்டார் பார்க்கும் செல்வராசு அண்ணன்.

எல்லோரும் தலையாட்டினோம். எங்கள் பக்கம் எது குறைந்தாலும் பழி முதலில் ஆற்றின் மேல்தான்.

மோட்டாரைத் தூக்கி, இன்னும் நாலு பைப் சேர்த்து ஆழமாக இறக்குவதென்று முடிவாயிற்று. போருக்கு மேலே மூன்று இரும்புக் கால்களை முக்காலியாக நட்டுச் சங்கிலியும் மாட்டிவிட்டார்கள். முடியச் சாயங்காலம் ஆகும். அதற்குள் இரண்டு தொட்டியும் கெட்டுவிடும். முதலாளி என்னைத் திட்டவில்லை... என் பக்கம் பார்க்கவே இல்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

மோட்டாரைப் பிரிக்க ஹபீபா அக்காவை வரச்சொல்லியிருந்தார்கள். கணவர் குவைத்தில், கும்பகோணத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடையை இவர்தான் நடத்துகிறார். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு முக்காலியைப் பார்த்தார்.

"யாருங்க அதுக்குள்ள தூக்குமேடை கட்டுனது?"

மோட்டாரை ஓடவிட்டு, கயிற்றில் ஒரு நட்டைக் கட்டி போருக்குள் இறக்கினார். மேலே இழுத்தபோது முப்பது அடிக்குக் கீழே கயிறு முழுக்க ஈரம். மோட்டார் இருப்பதோ நூற்றைம்பது அடியில்.

"ஆறு காஞ்சா நமக்குத்தான் தொண்ட காயும். கீழ தண்ணி அப்படியேதான் கெடக்கு."

பேனலைத் திறந்து மூன்று ஒயரிலும் மீட்டரை வைத்து கரண்ட் பார்த்தார். பிறகு ஒரு நீளமான ஸ்பேனரின் ஒரு முனையைக் குழாயில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒயர்ல யாரும் கை வச்சீங்களா?"

செல்வராசு அண்ணன் தலையைச் சொறிந்தார். "எலி கடிச்சிருந்துச்சுங்க. போன வாரம் ஒட்டுப் போட்டேன். மூணும் கருப்பு ஒயராத்தான் கெடச்சுது..."

"அப்ப சரி. ஒயர் இடம் மாறிப்போயி ஒரு வாரமா மோட்டார் எதிர்ப்பக்கமா சுத்துது, அண்ணே."

மெயினை அணைத்தார். இரண்டு ஒயர்களை இடம் மாற்றி முடுக்கினார். அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டதும் குழாய் ஒருமுறை இருமியது... அடுத்த நொடி தண்ணீர் தொட்டியின் எதிர்ச்சுவரில் போய் அறைந்தது.

நூற்றைம்பது அடிக்குக் கீழே, இருட்டில், யாருமே பார்க்க முடியாத ஒன்று எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று மேலே நின்றுகொண்டு ஒருவர் சொல்கிறார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அக்கா முகம் கழுவிக்கொண்டே, "என்னம்மா நிக்கிற? போயி நெல்ல அவி" என்றார்.

இப்போது கீழ்வேளூரில் வேறொரு மில்லில் இருக்கிறேன். இங்கே ஒயர் மாறினால் பேனலே மோட்டாரை ஓடவிடாது, திரையில் எழுத்து வந்துவிடும். யாரும் குழாயில் காதை வைப்பதில்லை.

போன மாதம் தண்ணீர் குறைந்தது. திரையில் எல்லாம் பச்சை. "ஆத்துல தண்ணி இல்லல்ல, மேடம்" என்றார்கள்.

ஒரு ஸ்பேனர் கேட்டு வாங்கினேன். குழாயில் ஊன்றிக் கண்ணை மூடினேன்... வெறும் இரைச்சல். ஒன்றும் புரியவில்லை. அக்காவை அழைத்து, போனை ஸ்பேனரோடு ஒட்டிப் பிடித்தேன்.

அந்தப் பக்கம் கடையில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை அக்கா அணைக்கும் சத்தம் கேட்டது.

"மோட்டார் மணல இழுக்குதும்மா... மொதல்ல நிறுத்து."

நிறுத்தும் முன் ஒரு கை தண்ணீர் பிடித்தேன். வெயிலில் பார்த்தபோது, உள்ளங்கை ரேகைகளுக்குள் பொடிப்பொடியாக மின்னிக்கொண்டிருந்தது மணல்.