துணி தோய்க்க வந்த தலைவர்

சென்ற சனிக்கிழமை ஒரு விருது விழாவுக்குப் போயிருந்தேன். 'உன்னை யார் கூப்பிட்டது?' என்று நீங்கள் கேட்பது இங்கே கேட்கிறது. விருது வாங்குகிறவரே கூப்பிட்டார். சாப்பாடு இலவசம் என்றால் நான் தவறமாட்டேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

பெயர் கம்ரான். பாகிஸ்தான்காரர், ஊர் பைசலாபாத். இன்னும் முப்பதைத் தொடவில்லை. பார்க்டேலில் நான் இருக்கும் கட்டிடத்திலேயே, எனக்கு இரண்டு மாடி கீழே, போன மாதம் வரை குடியிருந்தவர். இப்போது நகரத்தின் மறுகோடியில், ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தில் சமூக மேம்பாட்டு அலுவலர். கோட்டு, ரை, முகம் பார்க்கக்கூடிய சப்பாத்து. அடையாளம் காண எனக்கே கொஞ்ச நேரம் எடுத்தது.

மேடையில் ஒரு அம்மையார் அவரை அறிமுகம் செய்துவைத்தார். சின்ன வயதிலிருந்தே சேவைக் கனவோடு வளர்ந்தவராம். மக்களின் தேவைகளை அடிமட்டத்திலிருந்து கண்டறிவதற்குத் தனக்கென்று ஒரு முறையையே உருவாக்கியவராம்.

அந்த நேரம் பார்த்து என் வாயில் சமோசா இருந்தது. புரைக்கேறிவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் முதுகில் இரண்டு அடி போட்டார்.

கனவாம்... அந்தக் கனவு எந்த இடத்தில், எந்த வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தது என்று எனக்குத் தெரியும். நானும் அங்கேதான் நின்றேன்.

சில குளிர்காலங்களுக்கு முந்தைய கதை. எங்கள் கட்டிடத்தில் லிஃப்ற் இரண்டு. ஒன்று நான் குடிவந்த நாளிலிருந்தே அசைந்ததில்லை. அதைச் சுவரின் ஒரு பகுதி என்றே கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றது அந்த மார்கழியில் நின்றது. மனேஜ்மென்றுக்குச் சொன்னோம். 'பாகம் ஓடர் பண்ணியாயிற்று, வருகிறது' என்றார்கள். எந்த நாட்டிலிருந்து நடந்து வந்ததோ தெரியாது, வரவே இல்லை.

எனக்கு அது பெரிய விஷயமில்லை. பெர்லினில் முறை வைத்து ஒரு கட்டிலில் படுத்தவன் நான். பாரிஸில் ஒரு படிக்கட்டுக்குக் கீழேயே குடியிருந்திருக்கிறேன். படிக்கட்டோடு எனக்குப் பகை கிடையாது.

ஒன்பதாம் மாடிப் பொன்னுத்துரை அண்ணையின் பாடு வேறு. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட மனிதர். கிழமைக்கு மூன்று முறை ஆஸ்பத்திரியில் கிடந்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கி மூச்சு முட்டும். தொடர்ந்து தவறினால் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகவே தேவையில்லை. கீழ்மாடியில் ஒரு வீடு கேட்டு எழுதிப் போட்டிருந்தார். காலியானால் சொல்வதாகப் பதில் வந்தது. அவராலோ நாலு படி இறங்க முடியாது.

ஆகவே குசினிக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். யார் தூக்குவது? எங்கள் இனத்தின் பெருமை அங்கேதான் ஆரம்பமாகிறது.

எங்கள் கட்டிடத்தில் தமிழ்ச் சங்கம் இரண்டு. முன்பு ஒன்றாக இருந்தபோது அதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. பிரிந்த பிறகுதான் இரண்டுக்கும் முழுநேர வேலை வந்தது — மற்றதை எதிர்ப்பது. ஒன்றுக்குத் தலைவர் குலசிங்கம் மாஸ்டர். ஊரில் கணக்கு வாத்தியார், இங்கே செக்யூரிட்டி. மற்றதற்கு இராசநாயகம் அண்ணை. ஊரில் வங்கி முகாமையாளர், இங்கே பிஸ்கட் பக்டரி. இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து ஊர். கொஞ்சம் தூரத்து ஊர்களாக இருந்திருந்தால் மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

ஒரு சங்கத்தின் ஆட்கள் தூக்கினால் மற்றச் சங்கத்தின் ஆட்கள் கதவைத் திறக்கமாட்டார்கள். நடுவில் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு எங்கள் சங்கங்களில் ஒரே ஒரு பதவிதான் — கதிரை அடுக்குவது. அந்த வழியில் பொன்னுத்துரை அண்ணையின் கதிரையும் என் பொறுப்புக்கு வந்தது.

கடைசியில், லிஃப்ற் விஷயத்துக்காக மட்டும் இரண்டு சங்கமும் சேர்ந்து ஒரு கூட்டம் போடுவது என்று முடிவாயிற்று. ஞாயிறு பின்னேரம், பேஸ்மென்றில், துணி தோய்க்கும் அறையில். நகரசபைக்கு முறைப்பாடு செய்யவேண்டும். அவ்வளவுதான் விஷயம். கால் மணித்தியால வேலை.

ஆனால் மங்கள விளக்கு ஏற்றாமல் தமிழன் கூட்டம் நடத்துவானா?

மாஸ்டர் பகுதி ஒரு பித்தளைக் குத்துவிளக்கோடு வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இராசநாயகம் பகுதியும் ஒன்றோடு வந்திருந்தது.

"மூத்தவன் நான். நான் ஏத்திறன்" என்றார் இராசநாயகம் அண்ணை.

"எந்த வயசிலை மூத்தனீர்? பாஸ்போட்டிலை இருக்கிற வயசிலையோ, உண்மையான வயசிலையோ?" என்றார் மாஸ்டர்.

அறையில் இருந்த பாதிப் பேர் நிலத்தைப் பார்த்தார்கள். அந்தக் கேள்வி எங்கள் எல்லோருக்கும் பொது.

பொன்னுத்துரை அண்ணையின் மனைவி யோகம் அக்கா மூலையில் நின்றார். "நாளைக்கு விடிய இந்த மனுசனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும். ஆரெண்டாலும் ஏத்தித் துலையுங்கோ. நீங்கள் விளக்கு ஏத்தி முடிக்கிறதுக்குள்ளை அவர் போய்ச் சேந்திடுவார்" என்றார்.

சமரசம் பிறந்தது. இரண்டு விளக்கையும் ஏற்றுவது. எல்லாத் திரியும். ஒவ்வொரு திரிக்கும் ஒரு பிரமுகர். யாரோ ஒரு பக்திமான் ஒரு தட்டு நிறையக் கற்பூரமும் கொளுத்தினார். பேஸ்மென்றின் கூரை கையை நீட்டினால் தொடுகிற உயரம் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

இவ்வளவும் நடந்தபோது மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெடியன் நின்றுகொண்டிருந்தான். அதுதான் கம்ரான். இரவில் டாக்சி ஓட்டுகிறவன். காசு சேர்த்துச் சொந்தமாக ஒரு டாக்சி வாங்குவது ஒன்றுதான் அவனுக்கு நான் அறிந்த கனவு. உடுப்பு முழுவதையும் மெஷினில் போட்டுவிட்டு, மேலே குளிர்கோட்டும் கீழே தொளதொள சல்வாருமாக நின்றான். பக்கத்தில் நின்ற என்னிடம் மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டான்.

"பாய், இது கலியாணமா?"

"இல்லை. லிஃப்ற் திருத்துகிறோம்" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, அலாரம் அடித்தது.

கட்டிடம் முழுக்க அடித்தது. குழந்தை குட்டிகளோடு சனம் படியால் இறங்கிப் பனிக்குள் போய் நின்றது. தீயணைப்புக்காரர்கள் கோடரியோடு ஓடி வந்தார்கள். வந்து பார்த்தால் நெருப்பு இல்லை. இரண்டு விளக்கு, ஒரு தட்டுக் கற்பூரம், வேட்டி கட்டிய சிலர். அவர்களில் பெரியவர், மீசைக்காரர், எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இங்கே யார் பொறுப்பு?"

யோசித்துப் பாருங்கள். அரை மணி நேரமாக இரண்டு மனிதர்கள் எந்தப் பொறுப்புக்காக அடிபட்டார்களோ, அந்தப் பொறுப்பு சீருடை போட்டுக்கொண்டு நேரில் வந்து நிற்கிறது. மாஸ்டர் விளக்கைப் பார்த்தார். இராசநாயகம் அண்ணை வாஷிங் மெஷினில் ஒட்டியிருந்த அறிவுறுத்தலை வாசிக்கத் தொடங்கினார். பிறகு — சங்கம் பிரிந்த நாளுக்குப் பின்னால் முதல் முறையாக — இரண்டு பேரின் கையும் ஒன்றாக எழுந்தது. ஒரே திசையில் நீண்டது.

அந்தத் திசையில் கம்ரான் நின்றான், கையில் ஈரக் காற்சட்டையோடு.

"ஹீ இஸ் அவர் லீடர்" என்றார் மாஸ்டர்.

"யெஸ், யெஸ். லீடர்" என்றார் இராசநாயகம் அண்ணை. ஒற்றுமை என்றால் அப்படி ஒரு ஒற்றுமை.

நானாக இருந்தால் இல்லை என்று சத்தியம் பண்ணியிருப்பேன். எனக்கு அப்போது அகதி வழக்கு முடியவில்லை. யூனிபோமைக் கண்டால் நான் ஊமை. கம்ரானும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். சரியாக அந்த நேரம் இரண்டு தீயணைப்புக்காரர்கள், ஒன்பதாம் மாடியில் கிடந்த பொன்னுத்துரை அண்ணையைப் போர்வையால் சுற்றித் தூக்கிக்கொண்டு, வெளியே பனி என்று பேஸ்மென்றுக்கே படியால் இறங்கி வந்தார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. போர்வைக்கு வெளியே தொங்கிய கால்கள் இரண்டும் பூசணிக்காய் போல.

கம்ரான் அந்தக் கால்களைப் பார்த்தான். ஈரக் காற்சட்டையை மெஷின் மேல் வைத்தான்.

"ஆம், நான்தான் பொறுப்பு" என்றான். "விளக்குக்கு மன்னிப்புக் கேட்கிறேன். வந்தது வந்துவிட்டீர்கள்... இந்த மனிதர் கிழமைக்கு மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர். ஒன்பதாம் மாடி. லிஃப்ற் செத்துப்போய்க் கிடக்கிறது. இதற்கு யார் பொறுப்பு என்றும் கொஞ்சம் விசாரித்துவிட்டுப் போகிறீர்களா?"

மீசைக்காரர் தொப்பியைக் கழற்றினார். எத்தனை நாளாக என்று கேட்டார். வோக்கிடோக்கியில் யாருடனோ பேசினார். மறுநாளே நகரசபையிலிருந்து பரிசோதகர் வந்தார். எந்த நாட்டிலிருந்தோ நடந்து வந்துகொண்டிருந்த அந்தப் பாகம் அன்றிலிருந்து ஓடத் தொடங்கியது. ஆனாலும் வந்து, அதை லிஃப்ற்றில் பூட்டி முடியக் கன நாள் சென்றது.

அந்த நாட்களில்தான் சங்கதி இருக்கிறது.

சனம் எல்லாம் திரும்ப வீடுகளுக்குள் போன பிறகு பொன்னுத்துரை அண்ணை கம்ரானின் கோட்டுக் கையைப் பிடித்தார்.

"தம்பி, நீர்தானோ லீடர்?"

நான் மொழிபெயர்த்தேன். "அப்படித்தான் சொல்கிறார்கள், அங்கிள்" என்றான் கம்ரான்.

"அப்ப நாளைக்கு விடிய வாரும். லீடர்மார் முன்பக்கம் பிடிக்கிறவை."

கதிரையைப் படியால் இறக்கியவர்களுக்குத் தெரியும். முன்னால் கீழே நிற்பவன் மேல்தான் பாரம் முழுவதும் சாயும். பின்னால் பிடிப்பவன் கதைத்துக்கொண்டு வரலாம். பின்பக்கம் நான்.

கம்ரான் வந்தான். இரவு முழுக்க டாக்சி ஓட்டிவிட்டு நேரே வந்து முன்பக்கம் பிடித்தான். அடுத்த தரமும் வந்தான். ஒவ்வொரு மாடியிலும் கதிரையை வைத்து மூச்சு வாங்குவோம். எங்கள் இரைச்சலுக்குக் கதவுகள் திறக்கும். கதிரையில் இருந்தபடியே பொன்னுத்துரை அண்ணை பிரசாரத்தைத் தொடங்கிவிடுவார். "இவர்தான் லீடர். உங்கடை பிரச்சினையை இவரிட்டைச் சொல்லுங்கோ." வேற்று மொழிக்காரருக்கும் அதே பிரசாரம், உடைந்த ஆங்கிலத்தில். கொழுப்புப் பிடித்த மனிதர். தன்னைத் தூக்குகிறவன் ஓடிவிடாமல் இருக்க அவர் கண்டுபிடித்த உபாயம் அது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

சனத்துக்குச் சொல்லியா கொடுக்கவேண்டும்? எட்டாம் மாடியில் ஹீற்றர் வேலை செய்யவில்லை. கீழே பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தியின் குளியலறையில் மேல்வீட்டுத் தண்ணீர் ஒழுகியது. அதற்கும் கீழே ஒருவருக்கு வீட்டைக் காலிபண்ணச் சொல்லியிருந்தார்கள், ஏன் என்று வாசித்துச் சொல்ல ஆளில்லை. தரைக்கு வந்து சேரும்போது கம்ரானின் சட்டை நனைந்திருக்கும், தலை நிறைந்திருக்கும்.

அடிமட்டத்திலிருந்து தேவைகளைக் கண்டறியும் முறை என்று மேடையில் சொன்னார்களே? மூச்சு வாங்க இடைக்கிடை கதிரையை இறக்கி வைப்பதற்கு அதுதான் பெயராம். ஒன்பதாம் மாடியில் ஆரம்பித்ததை அடிமட்டம் என்று எப்படிச் சொன்னார்கள் என்பது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

லிஃப்ற் ஓடத் தொடங்கியும் சனம் விடவில்லை. பகலில் அவன் படுத்திருக்கும்போது கதவைத் தட்டியது. டாக்சி ஷிஃப்ற்கள் தவறின. முதலாளி ஏசினான். சொந்த டாக்சிக்கு ஒதுக்கிய காசு கரைந்தது. ஒரு நாள் என்னிடம் வந்து, தாடி பாதி வழித்தபடி சொன்னான்: "பாய், நான் செய்த ஒரே பிழை, ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்த்தது."

"விட்டுவிட்டுப் போயேன்" என்றேன்.

"அங்கிளிடம் நீ சொல்வாயா?"

நான் சொல்லவில்லை. யார் சொல்வது?

பிறகு இவன் கதை ஒரு சமூக நிலையத்தின் காதில் விழுந்து, அவனுக்குப் பகுதிநேர வேலை கொடுத்தார்கள். இரவு வகுப்புக்கு அனுப்பினார்கள். பிறகு முழுநேரம். அப்புறம்தான் அந்தச் சப்பாத்து.

சனிக்கிழமை மேடையில் கம்ரான் சுருக்கமாகத்தான் பேசினான் — மன்னிக்கவேண்டும், பேசினார். "நான் உடுப்புத் தோய்க்க வந்தவன்" என்றார். சபை சிரித்துக் கைதட்டியது. என்ன அடக்கம் என்று என் பக்கத்து இருக்கைக்காரர் வியந்தார். முன்வரிசையில் மாஸ்டரும் இராசநாயகம் அண்ணையும், நடுவில் ஒரு காலிக் கதிரை விட்டு, இருந்து தட்டினார்கள். இரண்டு சங்கத்தின் வாழ்த்தும் இந்தப் பத்திரிகையிலேயே வந்திருக்கிறது, பக்கத்தைத் திருப்பினால் காணலாம். 'எமது சங்கம் உலகுக்கு அளித்த தலைவர்' என்று இரண்டிலும் போட்டிருக்கிறது. விளம்பரம் தந்தவர்களைப் பற்றி இப்படி எழுதலாமா என்று ஆசிரியர் கோபித்தால் இந்தப் பந்தியை வெட்டட்டும்.

தலைவர்கள் பிறக்கிறார்களா, உருவாக்கப்படுகிறார்களா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். எனக்குத் தெரிந்து, சுற்றி நிற்பவர்கள் எல்லாம் விரலை நீட்டும்போது 'நான் இல்லை' என்று சொல்லப் பிந்திவிடுகிறவர்தான் தலைவர். கல்வித் தகைமை பிறகு வாங்கலாம்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் இந்தத் திங்கட்கிழமை காலை லிஃப்ற் மறுபடி நின்றுவிட்டது.

ஒன்பதாம் மாடியில் பொன்னுத்துரை அண்ணை கதிரையில் தயார். கீழே ஆஸ்பத்திரி வான் காத்துக்கொண்டிருக்கிறது. அது அதிக நேரம் நிற்காது. பின்பக்கம் நான். முன்பக்கம் வெறுமை. கம்ரான் ஸ்காபரோவில். மாஸ்டரும் இராசநாயகம் அண்ணையும் படியில் நின்றார்கள். கம்ரானுக்கு எந்தச் சங்கத்தின் பேரில் ரெலிபோன் எடுப்பது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாஸ்டர், ஒரு கை பிடியுங்கோ" என்றேன்.

"எனக்கு நாரி ஏலாது, தம்பி" என்று மாஸ்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

யோகம் அக்கா கணவரின் காலில் கழன்ற செருப்பைக் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தார். செருப்பு ஏறவில்லை.

மேல்மாடியிலிருந்து ஒரு சோமாலியப் பெண் இறங்கி வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை, சீருடையில் இருந்தாள். வழிவிடச் சொன்னாள். பிறகு அந்தக் கால்களைப் பார்த்தாள். கைப்பையைக் கழுத்தில் மாட்டினாள், மாஸ்டரை ஒரு கையால் ஒதுக்கினாள், கதிரையின் முன்பக்கத்தைப் பிடித்தாள்.

"தூக்கு" என்றாள் என்னிடம், ஆங்கிலத்தில். தூக்கினேன்.

எட்டாம் மாடியில் மூச்சு வாங்க வைத்தோம். இரைச்சல் கேட்டு ஒரு தமிழ்க் கதவு திறந்தது. பொன்னுத்துரை அண்ணை கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பிள்ளை, இவாதான் புது லீடர். உங்கடை பிரச்சினையளை இனி இவாவிட்டைச் சொல்லுங்கோ."

பாவம், அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது.