கொடுத்துப் பழகிய பீரியட்

விளையாட்டு ஆசிரியருக்கு நாற்காலி என்றாலே ஆகாது. அவரைப் போய்ப் பாடத்திட்டக் குழுவில் போட்டு, நாள் முழுக்க உட்கார வைத்துவிட்டார்கள். காலை ஆட்டினார், கழுத்தில் தொங்கிய விசிலை உருட்டினார், ஜன்னலை எட்டி எட்டிப் பார்த்தார். பிள்ளைகளுக்கு எது அவசியம், எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பாரத்தைக் குறைக்கிறார்களாம். குறைப்பது என்று வந்ததும் எல்லார் கண்ணும் விளையாட்டின் மேல்தான் விழுந்தது.

"வீட்டுலயே விளையாடிக்கலாமே சார்," என்றார் குழுத் தலைவி. "நான் உங்க பள்ளிக்கூடத்துக்கு வந்தப்பவே பார்த்தேனே, அந்தப் பீரியட் கணக்குக்குத்தானே போகுது? யாருக்கும் ஒண்ணும் குறைஞ்சுபோகலையே."

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. உண்மைதானே. பரீட்சை நெருங்கினால் போதும், கணக்கு டீச்சர் மைதானத்துக்கே வந்து, "இன்னைக்கு மட்டும் உங்க பீரியடைக் குடுங்க" என்பார். இவரும் "சரி" என்று பந்தைக் கூடையில் போட்டுவிடுவார். கொடுக்காமல் இருக்க முடியுமா? கணக்கு டீச்சர் அவருடைய மனைவி. மற்றவர்கள் கேட்டாலும் அதே "சரி"தான். பள்ளியில் அவர் பெயரே 'சரி சார்'. ஓடி வந்த பிள்ளைகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வகுப்புக்குத் திரும்பும்போது மட்டும் அவர் அந்தப் பக்கம் பார்க்கமாட்டார்.

முடிவு மறுநாள். அன்று சாயங்காலம் வாசலுக்கும் சமையலறைக்குமாக நடையாய் நடந்தார்.

"கொஞ்சம் உக்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது," என்றாள் மனைவி, விடைத்தாள்களிலிருந்து நிமிராமல்.

"எல்லாம் நீ கேட்டுக் கேட்டு வாங்கினதால வந்தது."

"நான் கேட்டேன். நீங்க ஒரு தடவையாச்சும் முடியாதுன்னு சொல்லியிருக்கீங்களா? சொல்லியிருந்தா வேற யார்கிட்டயாவது போய்க் கேட்டிருப்பேன்."

அவருக்கு அவள்மேல் வந்த கோபம் அப்படியே தன்மேல் திரும்பியது.

மறுநாள் தலைவி கேட்டார்: "வீட்டுல வராது, விளையாட்டுப் பீரியட்லதான் வரும்னு ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார்."

உடல்நலம், ஒழுங்கு என்று தயார் செய்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"முடியாதுன்னு சொல்லத் தெரியணும் மேடம். தள்ளி விடுறவன்கிட்ட, ஆட்டத்துல ஏமாத்துறவன்கிட்ட பிள்ளைங்க அங்கதான் பயப்படாம சொல்லும். எனக்கு அது இன்னும் வரல."

தலைவிக்கு அது ரொம்பவே பிடித்துவிட்டது.

"அருமையான கருத்து. நன்னெறிப் புத்தகத்துல ஒரு பாடமாவே வச்சிடலாம். கடைசியில ரெண்டு கேள்வி பதிலும் சேர்த்துக்கலாம். அப்போ விளையாட்டுப் பீரியடை எடுத்துடலாம். சரிதானே சார்?"

"சரி" நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழகிய நாக்கல்லவா. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"முடியாது மேடம்."

"உக்காந்து பேசுங்க சார்."

"முடியாது," என்றார் மறுபடியும். இந்தத் தடவை கொஞ்சம் சுலபமாக வந்தது.